அமுச்சி வீட்டு தேக்கு டேபிளுக்கு எந்த பாலிஷ்? நாலையும் போட்டுப் பாத்து முடிவு பண்ண கதை

பொள்ளாச்சில எங்க அமுச்சி, அதான் அம்மாவோட அம்மா, வீட்டு சமையக்கட்டுல கிடந்த தேக்கு டேபிள், அஞ்சடிக்கு மூணடி, கடைசல் கால் நாலு, ஒரு ட்ராயர், போன ஆடி மாசம் எங்க கோயமுத்தூர் வீட்டுக்கு வந்து சேந்துச்சு. அமுச்சி இனிமே அம்மாகூட வந்து இருக்கறதுன்னு முடிவானதும் வீட்டுச் சாமானெல்லாம் ஆளாளுக்குப் பிரிச்சாங்க, எனக்கு வேற எதுவும் வேண்டாம் இது ஒண்ணு போதும்னு முதல்லயே சொல்லி வச்சிருந்தேன், ஏன்னா சின்ன வயசுல லீவுக்குப் போறப்பெல்லாம் அதுமேல ஏறி உக்காந்துட்டுதான் சந்தகை பிழியறத வேடிக்கை பாப்பேன். ஆனமலைத் தேக்குன்னு தாத்தா சொல்லுவாராம். டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பேர் வந்ததே அங்கிருந்து தேக்கு மரத்த வெட்டி சரிவுல உருட்டி கீழ விட்டதாலதான், அதனால அது உண்மையா இருக்கவும் வாய்ப்பிருக்கு.

வந்தப்ப அதோட கோலம் இதுதான். மேல் பலகை மூணு துண்டு, நடுவுல ஒரு விரிசல். கத்தி வெட்டுன கோடு ஏகப்பட்டது. தோசைக்கல் வச்சு வச்சு ஒரு மூலையில கருப்பா முழு வட்டம். காலு நாலுலயும் யாரோ எப்பவோ பச்ச எனாமல் பெயிண்ட் அடிச்சு விட்டிருக்காங்க, அது பாதி உரிஞ்சு தொங்குது. மரம் மட்டும் இரும்பு மாதிரி இருக்கு, ஒரு பூச்சி ஓட்டை கிடையாது.

சரி சுத்தம் பண்ணி பாலிஷ் போடலாம்னு ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு யோசனை. ஆசாரியண்ணன் பியூ (பாலியூரிதேன் பாலிஷ்) போட்டுருங்க பாப்பா, கண்ணாடி மாதிரி நிக்கும்னாரு. எங்க வீட்டுக்காரர் மேல சன்மைக்கா ஒட்டிட்டா தொடைக்கறது சுலபம்னாரு. நாத்தனார் வெள்ளை சாக் பெயிண்ட் அடிச்சா ஃபோட்டோவுக்கு அழகா இருக்கும்னாங்க. அமுச்சி, "தேங்காண்ணெயத் தொட்டுத் தடவி வுடு சாமி, அது போதும், நான் அம்பது வருசமா அதத்தான பண்ணுனேன்" அப்படின்னாங்க. யார் சொன்னதும் தப்புன்னு சொல்ல முடியாது, ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரி. எங்க வீட்டுக்கு எது சரின்னு தெரியறதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு. இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு அந்த ஆறு மாசத்துல கத்துக்கிட்டத இங்க கொட்டி வைக்கறேன்.

முதல்ல ஒண்ணு. பாலிஷ் கடைக்குப் போனா க்ளாஸியா மேட்டான்னுதான் கேப்பாங்க, அது ரெண்டாவது கேள்வி. அந்த டேபிள் மேல தினமும் என்ன நடக்கும்ங்கறதுதான் முதல் கேள்வி. எங்க வீட்டுல குக்கர நேரா அடுப்புலருந்து இறக்கி டேபிள்ல வச்சுருவோம், மேட் போடுன்னு எத்தன தடவ சொன்னாலும் நடக்காது. மஞ்சத்தூள் சிந்தும், ரசம் சிந்தும், எங்க பொண்ணு, பாப்பா, எலுமிச்சம்பழத்த அதுமேலயே போட்டு உருட்டுவா. ஈரத்துணில ஒரு நாளைக்கு நாலு தடவ தொடைப்போம். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு, இது அத்தனையும் தாங்கணும், தாங்கலேன்னா நானே திருப்பி சரி பண்ணிக்கற மாதிரியாவது இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். அந்த ரெண்டாவது பாதிதான் கடைசில முடிவு பண்ணுச்சு.

சன்மைக்காவ சீக்கிரம் முடிச்சிடறேன். ப்ளைவுட் டேபிளா இருந்தா கண்ண மூடிட்டு சன்மைக்கா ஒட்டுங்க, சூடு, மஞ்சள், சோப்பு எல்லாத்துக்கும் அத அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா முழு மரப் பலகை வேற. மரம் மழைக்காலத்துல ஈரம் குடிச்சு அகலவாக்குல கொஞ்சம் உப்பும், வெயில் காலத்துல சுருங்கும், நீளவாக்குல அவ்வளவா அசையாது. சன்மைக்கா அந்த மாதிரி அசையாது. ப்ளைவுட்ல ஒவ்வொரு அடுக்கும் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கறதால அது ஒண்ண ஒண்ணு பிடிச்சு நிறுத்திக்கும், முழுப் பலகையில பிடிக்க ஆளில்ல. ஒரு பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டி மூடிட்டா அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு பலகை வளையும், இல்லேன்னா ஓரத்துல பசை விட்டுத் தூக்கும். அதுக்கும் மேல, நல்ல தேக்க பிளாஸ்டிக் தாளுக்கு அடியில போட்டு மூட எனக்கு மனசு வரல.

சாக் பெயிண்ட்டும் அப்படித்தான், நல்ல பொருள், தப்பான இடம். இங்கிலாந்துல ஆனி ஸ்லோன்ங்கற அம்மா 1990ல கொண்டுவந்தது, உப்புத்தாள் கூட அவ்வளவா போடாம பழைய பாலிஷ் மேலயே அடிக்கலாம்ங்கறதுதான் அதோட பெரிய வசதி. ஆனா அது மேல மெழுகு பூசித்தான் முடிப்பாங்க, தேன்மெழுகு 60 டிகிரி தாண்டுனா உருக ஆரம்பிச்சிடும், கொதிக்கற ரசம் 100 கிட்ட இருக்கும். புக் ஷெல்ஃபுக்கு, பாப்பா துணி வைக்கற அலமாரிக்கு அடிங்க, சோறு சாப்பிடற டேபிளுக்கு வேண்டாம்.

அமுச்சி சொன்ன தேங்காண்ணெய தட்ட மனசே இல்ல, ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. எண்ணெயில காயற எண்ணெய், காயாத எண்ணெய்னு ரெண்டு ஜாதி. ஆளி விதை எண்ணெய், அதான் கடையில லின்சீட் ஆயில்னு விக்கறாங்களே அது, காத்துல இருக்கற ஆக்ஸிஜன இழுத்துக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமா கெட்டியாகி மரத்துக்குள்ளயே ஒரு படலமா இறுகிடும். தேங்காண்ணெய் எத்தன வருஷமானாலும் எண்ணெயாவே இருக்கும். தடவுன அன்னிக்கு பளபளன்னு இருக்கும், அடுத்த வாரம் தூசி ஒட்டும், பாப்பா ஹோம்வொர்க் நோட்டுல எண்ணெய் ஏறும். அமுச்சி வீட்டுல அது ஓடுனதுக்குக் காரணம், அவங்க வருஷா வருஷம் தடவறதோட நிறுத்தல, தினமும் காலைல சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவிட்டும் இருந்தாங்க. அந்த உழைப்பு என்னால முடியாது.

ஆக மிச்சம் நாலு: பிரெஞ்ச் பாலிஷ், மெலமைன், பியூ, லின்சீட் ஆயில்.

பிரெஞ்ச் பாலிஷ்னு பேர்தான் வெளிநாடு, சரக்கு நம்ம ஊரு அரக்கு. புரச மரம், இலந்தை மரத்துல எல்லாம் அரக்குப் பூச்சி கட்டற கூட்ட சுரண்டி சுத்தம் பண்ணி செதில் செதிலா ஆக்குனதுதான் ஷெல்லாக். இந்தியாவுல ஜார்க்கண்ட் பக்கம்தான் இது அதிகம், ராஞ்சிக்குப் பக்கத்துல நாம்கும்ல 1924லயே அரக்குக்குன்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சிருக்காங்க. செதில ஸ்பிரிட்ல, அதாவது பாலிஷுக்கு விக்கற ஆல்கஹால்ல, ஊறப்போட்டா கரையும். நான் 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் செதில் போட்டு ஒரு ராத்திரி ஊறவச்சு பழைய வேட்டித் துணில வடிகட்டிக்கிட்டேன், தேன் நிறத்துல அவ்வளவு அழகா இருந்துச்சு. பஞ்ச வெள்ளைத் துணில சுத்தி அதுல முக்கி இழுத்துக்கிட்டே போகணும், பத்து நிமிஷத்துல காஞ்சிடும், அடுத்த கோட் போடலாம். பழந்தேக்குக்கு அது குடுக்கற உள்வெளிச்சம் வேற எதுவும் குடுக்காது, இத நான் அடிச்சுச் சொல்லுவேன். குறை என்னன்னா சூடு ஆகாது, சோப்பு ஆகாது, ஸ்பிரிட் பட்டா கரையும், மழை ஈரத்துல போட்டா வெள்ளையா பூத்துப்போகும். முன்னாடி ஒரு கடையில ஐப்பசி அடைமழையில அவசரமா போட்டுக் குடுத்த அலமாரி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு, பால் கொட்டுன மாதிரி திட்டுத்திட்டா நிக்குது. கலக்கி வச்ச பாலிஷ வருஷக்கணக்குல வச்சுக்கவும் கூடாது, பழசானா பிசுபிசுன்னே இருக்கும், காயவே காயாது.

மெலமைன் நம்ம ஊர்ல ரொம்ப ஓடற பாலிஷ். ரெண்டு டப்பா, கலந்தா ஆசிட் வேலை செஞ்சு கெட்டியாகும். ஸ்பிரே அடிச்சா ரெண்டு நாள்ல வேலை முடியும், காசும் நடுத்தரம். எனக்குப் பிடிக்காதது அந்த வாசனை. கண்ணு எரியும், அதுல வர்றது ஃபார்மால்டிஹைட். 2004லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அத மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கற பொருள் பட்டியல்ல சேத்தாச்சு. காஞ்சு முடிஞ்சு நாளாக நாளாக வாசனை குறைஞ்சிடும், பயப்படற அளவுக்கு இல்ல, ஆனா குடியிருக்கற வீட்டுக்குள்ள வச்சு அடிக்கற சாமான் இல்ல அது. பட்டறைக்கு அனுப்பி அடிச்சு, அங்கயே ஒரு வாரம் காத்தாட விட்டுட்டு கொண்டுவாங்க.

பியூ, பாலியூரிதேன், நாலுலயும் பலசாலி. சூடு, தண்ணி, கறை எதுக்கும் அசையாது. விலையும் அப்படி, ஆசாரியண்ணன் எனக்குச் சொன்ன கூலியும் சாமானும் சேத்த கணக்கு பிரெஞ்ச் பாலிஷப் போல மூணு மடங்கு. ரெண்டு டப்பா கலக்கற பியூவுல கெட்டியாக்கற பொருள் ஐசோசயனேட், அத ஸ்பிரே அடிக்கறப்ப மூச்சுல போனா ஆஸ்துமா வர வைக்கும், வெறும் துணி மாஸ்க் அதுக்குப் பத்தாது. தேக்குல இன்னொண்ணும் கவனிக்கணும், மரத்துலயே இயற்கையா எண்ணெய் இருக்கறதால அடிக்கறதுக்கு முன்னாடி தின்னர் தொட்டு நல்லா தொடைச்சுக்கலேன்னா படலம் சரியா பிடிக்காது. தண்ணியில கரையற பியூ வாசனை குறைவு, பிரஷ்லயே அடிக்கலாம், ஆனா தேக்கோட நிறத்த தூக்கிக் காட்டாது, கொஞ்சம் வெளிறுனாப்புல தெரியும்.

லின்சீட் ஆயில் நாலுலயும் சோம்பேறி, ஆனா சாது. டபுள் பாயில்ட்னு கேட்டு வாங்கணும், பச்சை எண்ணெய் காய வாரக்கணக்குல ஆகும். துணில தொட்டுத் தடவி இருபது நிமிஷம் விட்டு மேல நிக்கற எண்ணெய ஒரு சொட்டு விடாம தொடைச்சு எடுக்கணும், ஒரு நாள் விட்டு அடுத்த கோட். முழுசா இறுக ஒரு மாசம். கடையில டீக் ஆயில்னு ஒரு டப்பா விப்பாங்க, அது தேக்குலருந்து பிழிஞ்சது இல்லீங்க, பெரும்பாலும் இதே மாதிரி காயற எண்ணெயோட தின்னரும் வார்னிஷும் கலந்தது, பேரப் பாத்து கூட காசு குடுக்க வேண்டாம்.

இந்த எண்ணெயில ஒரு ஆபத்து இருக்கு, இத மட்டும் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கங்க. எண்ணெய் தொட்ட துணியச் சுருட்டி மூலையில போடவே கூடாது. எண்ணெய் காயறப்ப சூடு வெளிய வரும், சுருட்டுன துணிக்குள்ள அந்தச் சூடு போக வழியில்லாம ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காம தானாவே பத்திக்கும். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஒன் மெரிடியன் ப்ளாஸான்னு ஒரு அடுக்குமாடிக் கட்டடம், 1991 பிப்ரவரில இந்த மாதிரி லின்சீட் ஆயில் துணிலருந்துதான் தீ ஆரம்பிச்சு 3 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க. நான் துணிய முடிஞ்ச கையோட வாளித் தண்ணில முக்கிடுவேன், அப்புறம் மொட்டைமாடிக் கம்பில ஒத்தையா விரிச்சுப் போட்டு விரைப்பா காஞ்சப்புறம்தான் குப்பைக்கு.

படிச்சதெல்லாம் போதும்னு, உடைஞ்ச தேக்கு ஷெல்ஃப் ஒண்ண அறுத்து ஆறு இன்ச்சுக்கு நாலு துண்டு போட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு பாலிஷ், மெலமைனும் பியூவும் ஆசாரியண்ணன் அவர் பட்டறையிலயே அடிச்சுக் குடுத்தாரு. ஒரு மாசம் நல்லா காய விட்டேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சமையல் பண்ணிக்கிட்டே பரீட்சை. ரசம் நுரை கட்டி வந்ததும் எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி ஒவ்வொரு துண்டு மேலயும் பத்து நிமிஷம். சோறு வெந்த குக்கர் அஞ்சு நிமிஷம். மஞ்சத்தூள நல்லெண்ணெயில குழைச்சு ஒரு ராத்திரி முழுக்க. எலுமிச்சம்பழச் சாறு அரை மணி நேரம். பாத்திரம் தேய்க்கற லிக்விட் தொட்ட துணில இருபது தேய்.

பிரெஞ்ச் பாலிஷ் முதல் டம்ளர்லயே விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா அடிப்பாகத்தோட அச்சு அப்படியே வெள்ளை வளையம். குக்கர் வச்ச இடத்துல பாலிஷ் இளகி ஒட்டிக்கிட்டு, தூக்கறப்ப மெல்ல ஒரு சத்தத்தோட விட்டுச்சு. சோப்பு இருபது தேய்ல பளபளப்பு போயிடுச்சு, அரக்குக்கு காரம் (மிளகாக் காரம் இல்ல, ஆல்கலி) ஆகாது. ஆனா அடுத்து நடந்ததுதான் என்ன யோசிக்க வச்சுச்சு. ஒரு துணில ரெண்டு சொட்டு ஸ்பிரிட் தொட்டு அந்த வெள்ளை வளையத்து மேல லேசா ஓட்டுனேன், கண்ணு முன்னாடியே வளையம் கரைஞ்சு மறைஞ்சிடுச்சு. படலத்துக்குள்ள மாட்டுன ஈரம்தான் வெள்ளையா தெரியறது, ஸ்பிரிட் படலத்த இளக்கி அத வெளிய விட்டுடுது. மேல ஒரு கோட் இழுத்தா எங்க இருந்துச்சுன்னே தெரியல.

மெலமைன் ரசத்துக்கு அசையல, குக்கருக்கு மட்டும் மங்கலா ஒரு வட்டம், சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். மஞ்சள் லேசா நின்னுச்சு. பியூ எதுக்கும் அசையல, மஞ்சள் கூட ரெண்டு தொடைப்புல கிட்டத்தட்ட போயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் பியூதான்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் எதுக்கும் பாக்கலாம்னு அந்தத் துண்டுல கத்தியால ஒரு கீறல் போட்டேன், எங்க வீட்டுல கத்தி படாத டேபிள் கிடையாது. அந்தக் கீறல சரி பண்ண நானும் ஆசாரியண்ணனும் மாத்தி மாத்தி உக்காந்தோம். உப்புத்தாள் போட்டு மேல புதுசா தொட்டா, பழைய படலமும் புதுப் படலமும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம ஓரம் ஒரு கோடா தெரிஞ்சுக்கிட்டே இருக்கு. "இதுக்கு முழுசா சுரண்டி எடுத்துட்டு மறுபடி அடிக்கணுங்க, வேற வழியில்ல" அப்படின்னுட்டாரு.

லின்சீட் துண்டு ரசத்துக்கும் குக்கருக்கும் ஒண்ணுமே ஆகல, மேல படலம்னு தனியா ஒண்ணு இருந்தாத்தான வெளுக்கறதுக்கு. எலுமிச்சை பட்ட இடம் கொஞ்சம் வெளிறுச்சு, சோப்பு தேச்ச இடம் வறண்டு தெரிஞ்சுச்சு, ரெண்டும் ஒரு கை எண்ணெய்ல சரியாயிடுச்சு. மஞ்சள்தான் மோசம். நல்லா உள்ள இறங்கி எலுமிச்சம்பழ நிறத்துல வட்டமா நின்னுச்சு, சோப்பு போட்டுத் தேச்சா இன்னும் கெடுத்துடும்னு விட்டுட்டேன், மஞ்சள்ல காரம் பட்டா செவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து ஆரத்தித் தண்ணி செவக்கறது அதனாலதான். அந்தத் துண்ட அப்படியே மொட்டைமாடில வெயில்ல வச்சேன். மஞ்சளோட நிறத்துக்கு வெயில் ஆகாது, மஞ்சக்கறை பட்ட வெள்ளை வேட்டிய வெயில்ல காயப் போட்டே வெளுக்க வைக்கறதில்லையா, அதே கணக்குதான். முதல் நாள் சாயங்காலமே பாதி வெளுத்துச்சு, நாலாம் நாள் விரல் வச்சுத் தேடுனேன், கிடைக்கல.

அங்கதான் முடிவாச்சு. பியூ கறைய உள்ள விடாது, ஆனா ஒரு தடவ அடிபட்டா எனக்கு அதுல வேலையே இல்ல, ஆள் கூப்பிடணும், டேபிள பட்டறைக்கு அனுப்பணும். எண்ணெய் அடிபடும், கறைபடும், ஆனா ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு மூடி எண்ணெயும் இருந்தா ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே சரி பண்ணிடுவேன், பாப்பா பெரியவளானா அவளும் பண்ணுவா. இன்னும் அம்பது வருஷம் சமையக்கட்டுல கிடக்கப் போற சாமானுக்கு இதுதான் எனக்குப் பெருசா பட்டுச்சு. அதனால மேல் பலகைக்கு லின்சீட், சூடு படாத கால், சட்டம், ட்ராயருக்கு பிரெஞ்ச் பாலிஷ். ஒரே டேபிளுக்கு ரெண்டு பாலிஷான்னு எல்லாரும் கேட்டாங்க, மேலயும் கீழயும் நடக்கற வேலை வேற வேறயா இருக்கறப்ப ஒண்ணே போடணும்னு என்ன இருக்கு? ட்ராயர் உள்பக்கம் எண்ணெய் தடவவே கூடாதுங்கறதும் இதுல சேத்தி, காத்துப் போகாத இடத்துல அந்த வாசனை மாசக்கணக்குல நிக்கும், உள்ள வைக்கற துணியெல்லாம் நாறும். அரக்கு காஞ்சா வாசனையே கிடையாது.

வேலைய தை மாசம் எடுத்துக்கிட்டேன், வறண்ட காத்து, மழை பயம் இல்ல. பச்ச பெயிண்ட்தான் முதல் தலைவலி. பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்கும், நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்கு, தாண்டக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தி அடிச்ச பெயிண்ட காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேச்சா அந்தத் தூசி வீடெல்லாம் பறக்கும், சின்னக் குழந்தைங்க மூளை வளர்ச்சிக்கே அது கெடுதல். அதனால பெயிண்ட் ரிமூவர் தடவி ஈரமாவே சுரண்டி, பேப்பர்ல மடிச்சுக் கட்டி எடுத்தோம், பாப்பாவ ரெண்டு நாள் அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். கடைசல் பள்ளத்துக்குள்ள இருந்தத எடுக்க பழைய டூத் பிரஷும் சணல் கயிறும்தான், கயித்த பள்ளத்துல சுத்தி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுத்தா தயிர் கடையற மாதிரி அழகா வழிச்சு எடுத்துட்டு வருது. மேல் பலகைக்கு 80, 120, 180, 220னு உப்புத்தாள், எப்பவும் ரேகை போற பக்கமாவே. தோசைக்கல் கருப்பு வட்டம் போகல. அது கரி இல்ல, இரும்பும் மரத்துல இருக்கற துவர்ப்பும் ஈரத்துல சேந்து உண்டான கறை, ஆக்ஸாலிக் ஆசிட் போட்டா போகும். கிளவுஸ் எல்லாம் மாட்டிட்டு பாட்டில கையில எடுத்துட்டு நின்னவ, அப்படியே வச்சுட்டேன். அமுச்சி வச்ச தோசைக்கல்லு, இருந்துட்டுப் போகட்டும்.

அந்த நாலஞ்சு நாள் சோத்துக்கு என்ன பண்றதுங்கறதும் ஒரு முடிவுதான். சமையக்கட்டுலயே வேலை நடக்குது, ஸ்பிரிட் ஆவி இருக்கற இடத்துல கேஸ் அடுப்ப பத்த வைக்கவே கூடாது. தினமும் ஹோட்டல்னா காசும் போகும் வயிறும் போகும். இண்டக்‌ஷன் அடுப்ப எடுத்துட்டுப் போய் முன் வராந்தாவுல வச்சு, ஒரே குக்கர்ல முடியற சமையலா பாத்துக்கிட்டேன். முதல் நாள் அரிசிம்பருப்பு சாதம். ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் கழுவி ஊற வச்சுட்டு, கடலெண்ணெயில கடுகு, சீரகம், வரமிளகா, கருவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், பத்து பல் பூண்டு, ரெண்டு தக்காளி வதக்கி, மஞ்சள், உப்பு, அஞ்சரை டம்ளர் தண்ணி, மூணு விசில். இறக்கி நெய் ஊத்தி அப்பளத்தோட சாப்பிட்டா கை மரத்தூளெல்லாம் மறந்துடும். ரெண்டாம் நாள் தக்காளி சாதம் போட்டுப் பாத்தேன், ஆனா வேலை அலுப்புல வர்றவனுக்கு அது பத்தல, ஒரு மணி நேரத்துல மறுபடி பசிக்குது, பருப்பு சேந்ததுதான் நிக்குது. மூணாம் நாள் பச்சப்பயிறு கடைசல். வராந்தாவுல ஒரு பக்கம் நான் கடைசல் காலத் தேய்க்க, இன்னொரு பக்கம் அம்மா வந்து உக்காந்து மண்சட்டில பயித்தக் கடைஞ்சாங்க, அன்னிக்கு சாப்பாடு மாதிரி இந்த வருஷம் நான் சாப்பிடல.

இதே கேள்வியோட இருக்கறவங்களுக்கு என் கருத்து இதுதான். ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, டேபிள பராமரிக்க நேரமே கிடைக்காதுன்னா பியூ போடுங்க, மேட் ஃபினிஷ் கேளுங்க, அதுல கீறல் சட்டுன்னு தெரியாது, அஞ்சாறு வருஷத்துக்கு மறந்துடலாம். பட்ஜெட் கம்மி, பட்டறை பக்கத்துல இருக்குன்னா மெலமைன். சென்னை, நாகர்கோவில் மாதிரி காத்துல ஈரம் நிக்கற ஊர்ல எண்ணெய் போட்டா மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம், அங்க பியூதான் சரி. எங்க ஊர் மாதிரி பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற ஊர்ல, வருஷத்துக்கு ஒரு நாள் டேபிளுக்குன்னு ஒதுக்க முடியும்னா எண்ணெய்தான், யோசிக்கவே வேண்டாம். வெறும் பிரெஞ்ச் பாலிஷ சாப்பாட்டு டேபிள் மேல் பலகைக்கு மட்டும் போடாதீங்க, பீரோ, ஊஞ்சல் சட்டம், பூஜை அலமாரிக்குப் போடுங்க.

சப்பாத்திக் கட்டை, காய் வெட்டற பலகைக்கு இதுல எதுவுமே வேண்டாம். டபுள் பாயில்ட் லின்சீட்ல சீக்கிரம் காயறதுக்காக உலோக உப்பு கலந்திருப்பாங்க, மாவு நேரா படற இடத்துக்கு அது எதுக்கு? மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின்னு மலச்சிக்கலுக்கு குடுப்பாங்களே, அத வாங்கி லேசா சூடு பண்ணி கொஞ்சம் தேன்மெழுகு கரைச்சு தடவி ஒரு ராத்திரி விட்டுத் தொடைச்சிடுங்க. அது கெட்டுப்போகாது, வாசனை கிடையாது. நான் மாசம் ஒரு தடவ பண்றேன், பலகை வெடிக்கறது நின்னுடுச்சு.

இப்ப டேபிளுக்கு ரெண்டு மாசம் ஆகுது. மஞ்சக்கறை ஏழெட்டு வந்துச்சு, கிழக்கு ஜன்னலோரமா போட்டிருக்கறதால காலை வெயில்லயே ஒவ்வொண்ணா வெளுத்துட்டு இருக்கு. காலுக்கு அடியில மாப் தண்ணி ஏறாம இருக்க ஆசாரியண்ணன் முந்திரிக்கொட்டை எண்ணெய் தொட்டு விட்டாரு, ஓட்டு வீட்டு உத்தரத்துக்கு கரையானுக்காக அடிக்கறது அதுதான், கையில பட்டா தோல் வெந்துடும், அதனால என்னத் தொடவே விடல. அடுத்து நாற்காலி நாலு. அதுல வேர்வை படும், அரக்கு பிசுபிசுக்கும், எண்ணெய் துணில ஒட்டுமோன்னு யோசனை, அதுக்கும் ரெண்டு துண்டு அறுத்து வச்சிருக்கேன், சித்திரை வெயில்ல நல்லா காயட்டும்.